ஜட்ஜ் ஐயாவின் பெயர்ப்பலகை

1938 மார்ச் 8, செவ்வாய்

பெயர்ப்பலகை வந்துவிட்டது. ஜனவரியில் என் கணவர் ஹூகோவுக்குப் பதவி உயர்வு வந்ததிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. எழுத்து சின்னதாக இருக்கிறதென்று ஒருமுறை திருப்பி அனுப்பி, புள்ளி விட்டுப்போயிற்று என்று இன்னொருமுறை திருப்பி அனுப்பி, ஒருவழியாக இன்று கதவில் ஏறியது. பித்தளையில், என் முழங்கை நீளத்துக்கு: மேல்நீதிமன்ற நீதிபதி டாக்டர் ஹூகோ கோர்ன்ஃபெல்ட்.

அவரே திருகாணி போட்டார். கோணல். கீழே வாசலில் இருக்கும் காவல்காரி நவ்ராட்டில் மூன்று மாடி ஏறி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "கீழ்க்கோர்ட்டுன்னா கோணலா இருக்கலாம் ஜட்ஜ் ஐயா. மேல்கோர்ட்டு நேராத்தான் இருக்கணும்." பிரித்து மறுபடி போட்டார். அவள் தன் ஏப்ரன் நுனியால் துடைத்துவிட்டு, "வாராவாரம் நானே துடைச்சிடறேன் ஜட்ஜம்மா" என்றாள்.

வியன்னாவில் பெற்றவள் வைப்பது அரைப் பெயர்தான். மீதியை அரசாங்கம் வைக்கிறது. காப்பிக்கடையில், கறிக்கடையில், பல் வைத்தியரிடத்தில் எல்லா இடத்திலும் அதைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். ஒரு பரீட்சையும் எழுதாமல் நானும் ஜட்ஜம்மா ஆகிவிட்டேன். கேலி செய்கிறேனே தவிர, கறிக்கடையில் இன்று நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டபோது பிடிக்காமல் இல்லை.

மார்ச் 13

ஜெர்மன் படை ஊருக்குள் வந்துவிட்டது. வரவேற்கப் போனவர்களின் சத்தம் ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது. எதிர்வீட்டில் ஸ்வஸ்திகா கொடி நேற்று மாலையே தயாராக இருந்தது. எப்போது தைத்தார்கள்?

மார்ச் 17

என் கை எரிகிறது. எழுத்து இப்படித்தான் வரும்.

காலை ஒன்பது மணிக்குக் கைப்பட்டை கட்டிய நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் நவ்ராட்டிலின் மருமகன். பழைய அரசாங்கத்தின் வாக்கெடுப்பு முழக்கங்கள் நடைபாதையில் சாயத்தில் எழுதியிருக்கின்றன, எங்களைப் போன்ற யூதர்கள்தான் தேய்க்க வேண்டுமாம். எங்கள் வாளியையே எடுத்துக்கொடுத்தாள் நவ்ராட்டில். எங்கள் பிரஷ். தண்ணீரில் என்ன ஊற்றியிருந்தார்களோ, ஐந்து நிமிஷத்தில் தோல் உரிந்தது. ஹூகோ கோர்ட்டுக்குப் போகும் கோட்டோடு முழங்காலில் இருந்தார். சுற்றிலும் ஐம்பது பேர் இருப்பார்கள். பல் வைத்தியர் மனைவி தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

நவ்ராட்டில் குனிந்து விரலை நீட்டினாள். "ஜட்ஜ் ஐயா, இந்த மூலையில இன்னும் இருக்கு பாருங்க."

கூட்டம் சிரித்தது. ஹூகோ என்ன செய்தார் தெரியுமா? "நன்றி" என்றார். நன்றி!

வீட்டுக்கு வந்து கையில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது சொல்கிறார்: "அவ மட்டும் மரியாதையாத்தான் கூப்பிட்டா, கவனிச்சியா?"

வெண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துபோனேன். பதில் சொல்லியிருந்தால் வாயிலிருந்து என்ன வந்திருக்குமோ.

ஏப்ரல் 4

கோர்ட்டில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேஜையில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. பதினெட்டு வருஷமாக அவருக்குக் கதவைத் திறந்துவிட்ட சேவகன்தான் கதவை மூடினானாம். வந்ததும் பெயர்ப்பலகையைத் தாமே கழற்றினார். துண்டில் சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்தார். கதவில் நாலு ஓட்டை இருக்கிறது.

மே 30

அமெரிக்கத் தூதரகத்தில் ஐந்து மணி நேரம் நின்றேன். எங்கள் முறை வர நாலைந்து வருஷம் ஆகுமாம். பிரேசில்காரர்கள் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு விவசாயி வேண்டும். உலகம் இவ்வளவு பெரிதாக இருந்து என்ன பிரயோஜனம்? வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள்: "இங்கிலீஷ்காரனுக்கு வேலைக்காரங்க கிடைக்கலையாம். சமையலுக்கும் பரிமாறவும் புருஷன் பெண்டாட்டியா ஜோடியாப் போனா எடுத்துக்கறாங்க."

சமையல்காரியும் பட்லரும். நான் சமைப்பேன். ஹூகோ காப்பியில் சர்க்கரை கலக்கக்கூட மணி அடிப்பவர்.

ஜூலை 6

எங்கள் யூத சமூக சபையில் பட்லர் வகுப்பு நடத்துகிறார்கள். மாணவர்கள் இரண்டு வக்கீல், ஒரு கண் டாக்டர், ஒரு கம்பெனி முதலாளி, ஹூகோ. வாத்தியார் ஷைபர், பெரிய ஓட்டலில் முப்பது வருஷம் தலைமைப் பரிசாரகராக இருந்தவர். வாழ்நாளெல்லாம் இவர்களுக்குக் குனிந்து பரிமாறியவர். இப்போது அவருடைய ராஜ்யம்.

நானும் போய் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன்.

"ஜட்ஜ் ஐயா, சூப்பை இடது பக்கத்திலேர்ந்து குடுக்கணும். இடது! வலது பக்கத்திலேர்ந்து எடுக்கணும். கேஸ் கட்டு தூக்கறாப்பல தூக்காதீங்க. தீர்ப்பு சொல்ற மூஞ்சியை வீட்ல வெச்சிட்டு வாங்க."

ஹூகோ வலது பக்கத்திலிருந்து போய் சூப்பைக் கண் டாக்டர் மடியில் கொட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நாலு மாதத்துக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். ஹூகோ சிரிக்கவில்லை. "இந்தாளு என்னை ஒரு தடவையாவது டாக்டர்னு கூப்பிட்டிருக்கலாம்" என்றார் வழியில்.

ஆகஸ்ட் 19

லண்டன் பத்திரிகையில் நான் கொடுத்த விளம்பரத்துக்குப் பதில்! லண்டனுக்குப் பக்கத்தில் பெரிய வீடு. ஜோடியாக வரலாம், தங்க அறை உண்டு, அனுமதிக்கு அவர்களே எழுதுவார்கள். சமையல் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கணவர் தம் கையால் நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

எழுதிக்கொடுத்தேன்: "ஹூகோ கோர்ன்ஃபெல்ட், பெரிய குடும்பம் ஒன்றில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன், குடிப்பழக்கம் இல்லை, கணப்பு, வெள்ளிப் பாத்திரம், பரிமாறுதல் தெரியும்." அழகான கையெழுத்தில் நகலெடுத்தார். தபாலில் தாமே போட்டுவிட்டு வந்தார். கடவுளே, இது மட்டும்.

செப்டம்பர் 22

கடிதத்தைப் பத்து தடவை படித்துவிட்டேன். எவ்வளவு நல்ல மனசு அந்த அம்மாளுக்கு! இப்படிப்பட்ட நல்ல மனசு தீப்பிடிக்க.

"உங்கள் கணவர் கடிதம் எங்களை நெகிழ வைத்தது. ஒரு மேல்நீதிமன்ற நீதிபதியை நிலக்கரி சுமக்கச் சொல்ல எங்களால் முடியாது. வெட்கமாக இருக்கிறது. வேறு ஜோடியை அமர்த்திக்கொண்டோம். அவருடைய தகுதிக்கு நிச்சயம் ஏதாவது நல்லதாகவே அமையும்."

"என்ன எழுதினீங்க?"

"நீ சொன்னதைத்தான்."

"கடைசியில?"

"கையெழுத்துப் போட்டேன்."

"எப்படிப் போட்டீங்க ஹூகோ?"

முழுசாகப் போட்டிருக்கிறார். பலகையில் இருந்தது போலவே, புள்ளி உட்பட. கீழே 'ஓய்வு' என்று வேறு.

"மேலே எழுதினது பூரா பொய், மெலானி. கையெழுத்தாவது நிஜமா இருக்கட்டும்னு நினைச்சேன். என் பேர் அதுதானே."

அப்புறம் நான் பேசியதை எழுதக் கூசுகிறது. எழுதுகிறேன். "உன் பேருக்கு நீயே ஒரு தேசம் கண்டுபிடிச்சுக்கோ. நவ்ராட்டில் சொன்னப்போ நன்றின்னியே, போ, அவகிட்டயே போ. நீ செத்தா அந்தப் பலகையைக் கல்லறையில மாட்டறேன்."

அவர் இழுப்பறையைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

அக்டோபர் 16

இன்னொரு பதில். மிஸ் தர்லோ, இங்கிலாந்தின் மேற்கே ஒரு கிராமம். வயதானவள், தனியாள். சமையல்காரி மட்டும் வேண்டும். கணவருக்கு அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாமாம். அவர் என்ன தொழில் என்று கேட்டிருக்கிறாள். பட்லர் என்று எழுதினேன். இந்தத் தடவை நானே எழுதினேன், நானே ஒட்டினேன், நானே தபாலில் போட்டேன்.

தனியாக எப்படிப் போவது? போகமாட்டேன்.

நவம்பர் 12

ஹூகோவைக் கொண்டுபோய்விட்டார்கள். முந்தாநாள்.

ஜெபக்கூடம் எரிகிற புகை காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஏழெட்டு பேர் படியேறினார்கள். முதல் மாடியில் கண்ணாடி உடைந்தது. இரண்டாவது மாடியில் கிழவர் கத்தினார். எங்கள் மாடிக்கு வந்தார்கள். நாங்கள் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றோம். கதவில் பெயர் இல்லை. "இது காலி போல" என்றான் ஒருவன். இறங்கினார்கள். இறங்கிவிட்டார்கள்! ஹூகோ என் கையைப் பிடித்தார்.

கீழேயிருந்து அவள் குரல். "என்ன தம்பிகளா, ஜட்ஜ் ஐயாவை விட்டுட்டீங்களே! மூணாவது மாடி, நாலு ஓட்டை இருக்கிற கதவு."

பாவி. பாவி. வாராவாரம் துடைத்தவள்.

நவம்பர் 29

டாஹவ் முகாமிலிருந்து அச்சடித்த அட்டை. காலி இடத்தில் அவர் கையெழுத்து: நலம். நாங்கள் நாட்டை விட்டுப் போவதற்கான காகிதம் காட்டினால் விடுவார்களாம். மிஸ் தர்லோவுக்குச் சம்மதம் என்று தந்தி அடித்தேன். அந்தத் தந்தியின் நகலோடு நாலு அலுவலகம் ஏறினேன்.

நவ்ராட்டில் அளவு எடுக்க வந்தாள். மகளுக்கு எங்கள் வீடு ஒதுக்கியாகிவிட்டதாம். திரைச்சீலையைப் பிடித்துப் பார்த்து, "இதை விட்டுட்டுப் போவீங்க இல்ல ஜட்ஜம்மா?" என்றாள்.

1939 ஜனவரி 15

ஹூகோ வந்துவிட்டார். மூன்று நாளாகிறது. மொட்டைத் தலை. இடது கையில் இரண்டு விரல் உறைபனியில் கறுத்துப்போய்விட்டது. நாங்கள் இப்போது வேறு நாலு குடும்பங்களோடு ஒரே வீட்டில், சமையலறைக்கு அடுத்த அறையில் இருக்கிறோம். மூன்று மாதத்துக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் திரும்ப முகாம்.

முகாமைப் பற்றிப் பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்று மத்தியானம் கஞ்சியை வைத்துக்கொண்டு, தானாகவே, கரண்டியைப் பார்த்தபடி சொன்னார்.

"முதல் நாள் வரிசையில நிக்க வெச்சு யாருன்னு கேட்டான். பழக்கதோஷம். முழுசா சொல்லிட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். ஒரு ஸ்டூலைக் கொண்டுவரச் சொன்னான். ஏறுங்க ஜட்ஜ் ஐயான்னான். பக்கத்துல நின்ன பெரியவரை இழுத்து முன்னாடி நிறுத்தினான். மாட்டு வியாபாரி. அவர் தொப்பி நேரா இல்லையாம். தீர்ப்பு சொல்லுன்னான்."

"சொன்னீங்களா?"

"குற்றவாளி இல்லைன்னு சொன்னேன்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்.

"ரெண்டு பேருக்கும் விழுந்தது. அவர் எழுந்திருக்கல. நான் பட்லர்னு சொல்லியிருந்தா அவர் இன்னிக்கும் மாடு வித்துண்டு இருப்பார், மெலானி. இனிமே யார் கேட்டாலும் நான் பட்லர்தான்."

செப்டம்பரில் நான் கத்தியது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

பிப்ரவரி 2

நம் பட்டங்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு புதிதாக ஒன்று கொடுத்திருக்கிறார்கள். யூத ஆண்கள் எல்லோரும் இஸ்ரவேல், பெண்கள் எல்லோரும் சாரா. என் கடவுச்சீட்டில் மெலானி சாரா. அவர் கடவுச்சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 4

எனக்கு மட்டும் அனுமதி. போகமாட்டேன் என்று இரண்டு நாள் சண்டை. "இங்கே உட்கார்ந்து ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்க்கறதுக்கு, நீ அங்கே போய் எனக்கு ஒரு வீடு தேடு. ஒரு சூப், ஒரு மேஜை, அவ்வளவுதானே வேணும்" என்றார்.

மேற்கு ரயில் நிலையத்தில் நடைமேடைக்கு யூதர்களை விடவில்லை. அதனால் வெளியே, டிராம் நிற்கும் இடத்திலேயே விடைபெற்றோம். பெட்டியை நான் வாங்கப் போனேன். "இடது பக்கத்திலேர்ந்து குடுக்கணும்" என்று சுற்றிவந்து என் இடது கையில் கொடுத்தார். அழக்கூடாதென்று இருந்தேன். டிராம் மறைக்கும்வரை அழவில்லை.

மார்ச் 9

மிஸ் தர்லோவின் சமையலறை எங்கள் கோர்ட்டு மண்டபம் அளவுக்குக் குளிர். பெட்டியை இன்றுதான் முழுசாகப் பிரித்தேன். ஏன் இவ்வளவு கனம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். அடியில், துண்டில் சுற்றியபடி பெயர்ப்பலகை. கூடவே ஒரு சீட்டு: "பித்தளை. ஏதாவது அழுத்தி வைக்க உதவும்."

ஏப்ரல் 23

இங்கே என்னைக் 'குக்' என்று கூப்பிடுகிறார்கள். பெயர் கேட்பதில்லை. மாட்டு நாக்கை வேகவைத்து அச்சில் போட்டு மேலே அந்தப் பலகையை வைத்து அழுத்தினேன். நன்றாகத்தான் அழுத்துகிறது.

ஹூகோவுக்கு மூன்று மாதக் கெடு முடிந்தது. மிஸ் தர்லோவின் கடிதத்தைக் காட்டி வாராவாரம் போலீஸில் நீட்டிப்பு வாங்குகிறார். ஒவ்வொரு செவ்வாயும் போய் நிற்க வேண்டும். திரும்பி வருவாரா இல்லையா என்று நான் சனிக்கிழமைத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எட்டு வீட்டில் பட்லர் வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். யாருக்கும் வேண்டாம்.

ஜூலை 16

இதை எப்படி எழுதுவேன்.

இன்று தேநீருக்கு மேஜர் ஆல்டஸ் வந்தார். மலைமேல் தனி வீட்டில் இருப்பவர், கண் பார்வை போய்விட்டது. நான் கேக் தட்டை வைத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கத்திலிருந்துதான்.

"உங்க புருஷன் பட்லராமே. தர்லோ மூணு மாசமா நச்சரிக்கிறா. எனக்குப் பட்லர் எதுக்கு, பரிமாற ரெண்டு பேர் சண்டை போடறாங்க. எனக்கு வேண்டியது படிச்ச ஆள். ஜெர்மன் புஸ்தகம் ரெண்டு அலமாரி வெச்சிருக்கேன், படிச்சுக் காட்ட ஆள் இல்ல. போன வாரம்தான் பெர்லின்ல ஒரு பல் டாக்டரை அதுக்கு வரச்சொல்லி எழுதிப்போட்டேன். இடம் போயாச்சு."

"அவர் நீதிபதி" என்றேன்.

"யாரு?"

"என் கணவர். மேல்நீதிமன்ற நீதிபதி. டாக்டர். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு எல்லாம் தெரியும். ராத்திரி பகல் படிப்பார். படிக்கிறதைத் தவிர வேற ஒண்ணுமே தெரியாது!" கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மிஸ் தர்லோ கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட பட்லர்னு எழுதினியே. அப்ப அது பொய்யா, குக்?"

ஆமாம் அம்மா, பொய். உண்மை சொன்னவர்கள் கதி உங்களுக்குத் தெரியாது. இதைச் சொல்லவில்லை. "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன்.

மேஜர் பார்வையில்லாத கண்ணை என் பக்கம் திருப்பி, "மார்ச்லயே இதைச் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மார்ச்சிலேயே. நாலு மாதமாக மலைமேல் ஒரு நாற்காலி ஹூகோவுக்காகக் காலியாக இருந்திருக்கிறது. நான் நாக்கை அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21

மேஜர் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருக்கும் தம் தம்பிக்கு எழுதி, ஹூகோவுக்கென்று தனியாக இன்னோர் அனுமதி கேட்டார். இந்த முறை விண்ணப்பத்தில் முழுப் பட்டமும் இருக்கிறது. மிஸ் தர்லோவே கையெழுத்துப் போட்டாள். அனுமதி கிடைத்துவிட்டது. வியன்னாவில் பிரிட்டிஷ் அலுவலகத்தில் போய் முத்திரை வாங்குவதுதான் பாக்கி. செப்டம்பர் ஐந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

செப்டம்பர் 3

யுத்தம்.

நவம்பர் 8

எதிரி நாட்டு அந்நியர்களை விசாரிக்கும் குழுமுன் நின்றேன். நடுவில் ஒரு நீதிபதி. கணவர் தொழில் என்ன என்றார். முழுசாகச் சொன்னேன், எங்கள் மொழியிலேயே, மூச்சுவிடாமல். குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'சட்டம்' என்று எழுதிக்கொண்டான்.

1942 மே 19

செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக ஹூகோவிடமிருந்து. இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் எழுதக்கூடாது. கிளம்பி நாலு மாதம் ஆகியிருக்கிறது.

"அன்பே. நலம். முதியோர் விடுதியில் சூப் பரிமாறுகிறேன். இடது பக்கத்திலிருந்து. ஒரு சொட்டும் சிந்துவதில்லை. ஷைபர் மெச்சுவார். எங்களை இடம் மாற்றப்போகிறார்கள். கவலைப்படாதே. ஹூகோ இஸ்ரவேல்."

பதில் எழுதப் பட்டணத்துக்குப் போனேன். முகவரியில் அவர் பெயரை முழுசாக எழுதினேன். எடுத்துக்கொண்ட பெண் நல்லவள். "அம்மா, கட்டத்துக்குள்ள இவ்வளவு நீளம் வராதே. பேர் மட்டும் போதும்."

"அது பேர் மட்டும்தான்" என்றேன். கோட்டுக்கு வெளியே போனாலும் அடிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நவம்பர் 24

நான் அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. வயலெட் மையில் முத்திரை: கிழக்கே சென்றுவிட்டார், முகவரி இல்லை. அவர் போனது ஜூன் மாதம் என்று தேதி. பட்டத்தின்மேல் யாரோ பென்சிலால் கோடு போட்டு, பெயரை மட்டும் விட்டிருக்கிறார்கள்.

மத்தியானச் சமையல் முடித்தேன். பலகையில் ஒட்டியிருந்த கொழுப்பைச் சுடுநீர் வைத்துக் கழுவினேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். என் அறைக் கதவில் காய்கறிக் கத்தியாலேயே திருகாணிகளை முடுக்கினேன். கோணலாக இருந்தது. பிரித்து நேராகப் போட்டேன்.

மிஸ் தர்லோ தடியை ஊன்றிக்கொண்டு மாடி ஏறி வந்து பார்த்தாள். கதவைக் கெடுத்ததற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். விரலால் எழுத்துக்களைத் தடவினாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"என் கணவர் பேர்."

"ரொம்ப நீளமா இருக்கே."

"முழுப் பேர்" என்றேன்.